ஆயுளை அளந்த சோதனை

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. மயலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்ற நோயில் மஜ்ஜை ஓயாமல் உழைத்தாலும், அணுக்கள் குறையோடு உருவாகி, ரத்தத்துக்கு வரும் முன்பே பெரும்பாலும் மடிந்துவிடும். விளைவு: சோகை, திரும்பத் திரும்பக் காய்ச்சல், ஈறுகளில் ரத்தக்கசிவு. சிலருக்கு அது தீவிர ரத்தப் புற்றுநோயாக முற்றும். நோயாளிகளில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைப் பலரால் தாங்க முடியாது. ரத்தம் ஏற்றி ஏற்றி நாளைக் கடத்துவதுதான் நெடுங்காலம் அவர்களுக்குக் கிடைத்த வைத்தியம்.

அந்த நிலையை மாற்றிய அசாசிட்டிடின், 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான மருந்து. அதிக அளவில் அது செல்களைக் கொல்லும். குறைந்த அளவிலோ, டிஎன்ஏவில் ஒட்டியிருக்கும் மீதைல் குறிகளைக் குறைத்து, முடங்கிக் கிடந்த மரபணுக்களை மீண்டும் இயங்கவைக்கும்.

அமெரிக்காவில் இந்த நோயுள்ள 191 பேரிடம் அம்மருந்தைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2002இல் வெளியானது. குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு 28 நாளுக்கு ஒருமுறை, தொடர்ந்து 7 நாள் தோலுக்கடியில் ஊசி போட்டனர். மறுசாராருக்கு ரத்தம் ஏற்றுவது போன்ற துணைச் சிகிச்சை மட்டுமே. மருந்து பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 5 விழுக்காட்டினரும் தேறினர். ஆனால் துணைச் சிகிச்சையில் நோய் முற்றியவர்கள் மருந்துக்கு மாறலாம் என்று விதி இருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் மாறினர். அப்படி அனுமதித்ததுதான் நியாயம். இரு பிரிவும் கலந்துவிட்டதால் மருந்து ஆயுளைக் கூட்டுகிறதா என்பது மட்டும் தெளிவாகவில்லை. 2004இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்த பிறகும் அந்தக் கேள்வி நின்றது.

அதற்கு விடை தேடியது, பல நாடுகளில் நோய் கடுமையாக இருந்த 358 பேரிடம் நடந்த அடுத்த சோதனை. அதன் அமைப்பு நேர்த்தியானது. துணைச் சிகிச்சை, குறைந்த அளவு சைட்டராபின் மருந்து, தீவிர கீமோதெரபி ஆகிய மூன்றில் இந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று மருத்துவர் முதலில் முடிவு செய்வார். அந்தச் சிகிச்சையா, அசாசிட்டிடினா என்ற குலுக்கல் அதற்குப் பிறகுதான். ஆகவே புதிய மருந்து மோதியது அன்றைக்கு அவரவருக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த சிகிச்சையோடு. பாதியில் மருந்துக்கு மாறவும் வழியில்லை. 2009இல் வெளியான முடிவின்படி, இடைநிலை ஆயுள் 15 மாதத்திலிருந்து 24.5 மாதமாக உயர்ந்தது. ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தவர்களில் 45 விழுக்காட்டினருக்கு அந்தத் தேவை நின்றது. மறுபிரிவில் 11 விழுக்காட்டினருக்குத்தான்.

முதல் சில 28 நாள் சுற்றுகளில் ரத்த அணுக்கள் மேலும் குறைவதுண்டு. பலன் தெரியப் பல மாதம் ஆகலாம் என்பதால், தாங்க முடிகிறவர்களுக்குக் குறைந்தது 6 சுற்றாவது தர வேண்டும் என்பது மருத்துவர்களின் வழக்கம். இதே வகையைச் சேர்ந்த டெசிட்டபின், ஐரோப்பாவில் 233 முதியவர்களிடம் நடந்த சோதனையில் ஆயுளை நிச்சயமாகக் கூட்டியதாக நிரூபணமாகவில்லை.

அசாசிட்டிடினும் நோயை வேரறுப்பதில்லை. முழுக் குணத்துக்கு இன்றும் மஜ்ஜை மாற்று ஒன்றே வழி.