கூழாங்கல் சோறு போட்ட ஊர்

குட்டீஸ்! உங்கள் வீட்டிலோ, தாத்தா பாட்டி வீட்டிலோ மொசைக் தரை இருக்கிறதா? இருந்தால் ஒரு நிமிடம் குனிந்து உற்றுப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, பச்சை, செங்கல் நிறம் என்று பொடிப் பொடியாகக் கற்கள் சிமென்டுக்குள் சிதறிக் கிடக்கும். வெயில் நேரத்தில் அதில் படுத்தால், ஆகா... ஜில்லென்று இருக்கும்!

இத்தாலியில் இந்த மாதிரித் தரைக்கு 'டெராஸோ' என்று பெயர். கற்களை இப்படிச் சிதற விடாமல், ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் பதித்து, பூ, பறவை, மனித முகம் என்று படமாக்கினால் அதுதான் அங்கே 'மொசைக்'. இந்த இரண்டு வேலைகளையும் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றவர்கள் சில சின்னஞ்சிறு ஊர்களின் ஆட்கள். அவர்கள் கதையைக் கேட்போமா?

ஆறு தந்த சொத்து

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃபிரியுலி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே தாலியமெந்தோ என்கிற ஆறு ஓடுகிறது. ஆற்றின் அகலம் பெரிது. ஆனால், தண்ணீரைவிடக் கற்களே அதிகம். மலையிலிருந்து உருண்டு வரும் கூழாங்கற்கள் கரை முழுக்கக் குவிந்து கிடக்கும்.

கல் நிறைந்த மண்ணில் பயிர் எப்படி விளையும்? அந்த ஊர் மக்கள் வறுமையில் வாடினார்கள். ஆனால், அந்தக் கற்களைப் பாருங்கள்... வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று எத்தனை நிறம்! அவர்கள் கல்லைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. அதையே பிழைப்பாக மாற்றிக்கொண்டார்கள். நிறம் பார்த்துப் பொறுக்கி, உடைத்து, வெனிஸ் நகரத்து மாளிகைகளுக்குத் தரை போடும் வேலைக்குப் போனார்கள்.

வெனிஸில் தொடங்கிய பயணம், பிறகு பிரான்ஸ், அமெரிக்கா என்று நீண்டது. மனைவி, குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க முழங்காலிட்டு வேலை. கல்லைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி நெஞ்சுக்குள் போகும். நாம் அழகாக இருக்கிறது என்று மிதிக்கும் தரைக்குள் இவ்வளவு கஷ்டம் ஒளிந்திருக்கிறது!

தலைகீழ் யோசனை

ஃபிரியுலியில் செக்குவால்ஸ் என்கிற சிற்றூர். அங்கே 1826-இல் பிறந்தவர் ஜான் டொமெனிகோ ஃபக்கீனா. பாரிஸில் புகழ்பெற்ற ஓபரா மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். அதில் மொசைக் வேண்டும் என்பது கட்டடக் கலைஞர் கார்னியேவின் ஆசை. ஆனால், சுவரிலும் தரையிலும் ஒவ்வொரு கல்லாகப் பதித்தால் வேலை முடிய வருடக்கணக்காகும். செலவும் எக்கச்சக்கம்!

ஃபக்கீனாவிடம் ஒரு வழி இருந்தது. படத்தைக் கெட்டித் தாளில், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வரைய வேண்டும். அதன்மேல் கற்களைக் குப்புறக் கவிழ்த்து, தண்ணீரில் கரையும் பசையால் ஒட்ட வேண்டும். பிறகு தாளைத் துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு, கட்டடத்துக்கு அனுப்பலாம். அங்கே ஈரமான சாந்தின்மேல், தாள் மேல்பக்கம் இருக்கும்படி வைத்து அழுத்துவார்கள். சாந்து இறுகியதும் தாளை நனைத்து உரித்தால்... படம் நேராகச் சிரிக்கும்!

ஒரு பக்கம் பட்டறையில் ஒட்டும் வேலை, மறுபக்கம் கட்டடம் கட்டும் வேலை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நேரமும் மிச்சம், பணமும் மிச்சம். 1875-இல் ஓபரா மாளிகை திறக்கப்பட்டது. பிறகு ஃபிரியுலி ஆட்களுக்கு எங்கும் கிராக்கிதான்!

ஊருக்கே ஒரு பள்ளி

இந்த வித்தையை அப்பா மகனுக்கும், மாமா மருமகனுக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் வழக்கம். ஆனால், முதல் உலகப் போர் (1914-1918) ஃபிரியுலியின் மண்ணிலேயே நடந்தது. ஊர்கள் சிதைந்தன. குடும்பங்கள் சிதறின. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் தொழில் என்ன ஆகும்?

அதனால் 1922-இல் தாலியமெந்தோ கரையில் உள்ள ஸ்பிலிம்பெர்கோ என்கிற ஊரில் மொசைக் கலைக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் இருந்த வித்தை, கற்க விரும்பும் எல்லோருக்கும் பொதுவானது. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் பள்ளி நடக்கிறது. படிப்பு மூன்று ஆண்டுகள். பல நாடுகளிலிருந்து மாணவ, மாணவியர் வருகிறார்கள்.

முதலில் பழைய ரோமானியர்களின் மொசைக்கைப் பார்த்து அப்படியே செய்யப் பழகுவார்கள். பிறகுதான் சொந்தக் கற்பனை. கருவிகள் என்னவென்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மரக்கட்டையில் செருகிய ஓர் உளி, இரண்டு முனையும் கூரான ஒரு சுத்தியல், அவ்வளவுதான்! உளியின்மேல் கல்லை வைத்து, மேலே சுத்தியலால் 'டக்' என்று தட்டினால் கல் பிளக்கும். ரோமானியர் காலத்திலிருந்தே கல்லைக் கையால்தான் உடைக்கிறார்கள்.

கல் மட்டுமல்ல, வண்ணக் கண்ணாடியும் பயன்படும். தங்க நிறச் சில்லு எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? மெல்லிய தங்கத் தகட்டை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, சூட்டில் ஒட்டவைப்பார்கள். தங்கம் தேயாது, மங்காது. அந்தச் சில்லுகளைக் கொஞ்சம் சாய்த்துப் பதித்தால், நாம் நடக்க நடக்க ஒவ்வொன்றும் மினுக்கும்!

நீங்களும் செய்யலாம்!

தேவை: முட்டை ஓடு, வாட்டர் கலர், பசை, கறுப்பு அட்டை.

ஓட்டைக் கழுவி, உள்ளே இருக்கும் தோலை உரித்துக் காயவையுங்கள். வெவ்வேறு வண்ணம் பூசிச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடையுங்கள். அட்டையில் மீன் படம் வரைந்து, முதலில் ஓரக் கோட்டை ஒட்டியே துண்டுகளை வரிசையாக ஒட்டுங்கள். பிறகு உள்ளே நிரப்புங்கள். முட்டை ஓடு வேண்டாம் என்றால், பழைய பத்திரிகையின் கலர்த் தாளை வெட்டிக்கொள்ளலாம்.

ஒரு ரகசியம்: துண்டுகளுக்கு நடுவே நூலளவு இடைவெளி விடுங்கள். மொசைக்கின் அழகே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது!

முடித்ததும் நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். உடைந்த துண்டெல்லாம் ஒன்று சேர்ந்து மீனாகிவிட்டதா?