போர்கோ வெக்கியோவில் ஊசிக்கு அந்தப் பக்கம்

உள்ளே விட்டுவிட்டார்கள்! இத்தாலியின் பலெர்மோ துறைமுகத்தை ஒட்டிய போர்கோ வெக்கியோ சந்தைச் சந்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடம். என் பின்னாலேயே வாருங்கள். முன்னறை பளபளக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கமோ அட்டைப்பெட்டிகள், நாற்காலியில் வெள்ளைக் கோட்டுகள், சுவரில் சாந்தா ரொசாலியா. இங்குள்ள ஈழத்தமிழர்களும் மலையேறிப் போய்க் கும்பிடும் புனிதை! ஆய்வறைக்குள் காபிக்குத் தடை. குட்டிக் கோப்பைகள் நடை ஜன்னலில் வரிசைகட்டி நிற்கின்றன.

ஊசி நாற்காலியில் யாழ்ப்பாணத்துப் பெரியவர். சர்க்கரை நோய், காலில் அடைத்த ரத்தக்குழாய்க்கு பைபாஸ் செய்து சில மாதம் ஆகிறது. “ராத்திரியில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை, தம்பி!” என்கிறார். “அமுனி!” என்கிறார் நர்ஸ். பலெர்மோக்காரர்களின் ‘வாங்க போவோம்’ அது. ஊதா மூடிக் குழாய் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்குக்கு. நீல மூடி, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜனுக்கு. மஞ்சள், கொலஸ்ட்ராலுக்கும், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி.க்கும். ஒவ்வொன்றையும் மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார். குலுக்கினால் செல்கள் உடைந்துவிடுமாம்.

சுழல் எந்திரத்தில் ஒரு குழாய்க்கு ஜோடி இல்லை. சட்டென்று தண்ணீர்க் குழாய் ஒன்றை எதிரே செருகுகிறார் டெக்னீஷியன்; எடை சமமாக இல்லாவிட்டால் மேசையே ஆடுமாம். நெற்றி வியர்வையை முழங்கையால் ஒற்றிக்கொள்கிறார். சில நிமிடத்தில் சிவப்பு அடியில், பொன்னிறம் மேலே. அடடா, என்ன நிறம்!

சி.ஆர்.பி.யை ஆபரேஷன் முடிந்த கையோடு பார்த்திருக்கலாமே என்றேன். கூடாதாம். கத்தி பட்டாலே சி.ஆர்.பி. எகிறும், இரண்டு மூன்று நாளில் உச்சம், பிறகு மளமளவென்று இறக்கம். காயம் ஆறியும் இறங்காவிட்டால் எங்கோ அழற்சி புகைகிறது. அது ரத்தக்குழாய்ச் சுவராகவும் இருக்கலாம். இதே ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், காலில் புண் வந்த சர்க்கரை நோயாளிகளுக்கு, புண் இல்லாதவர்களைவிட அழற்சியைத் தூண்டும் ஐ.எல்-6, ரெசிஸ்டின் கூடுதல், அழற்சியைத் தணிக்கும் அடிபோனெக்டின் குறைவு. அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பாவ்லோ ஜக்கோனே பெயர். கைரேகை அறிக்கையை மாற்ற மறுத்ததற்காக 1982இல் மாஃபியா சுட்டுக் கொன்ற தடயவியல் மருத்துவர். பரிசோதனை எண்களில் கைவைக்காத இந்த ஆய்வுக்கூட மனிதர்களின் ஊர் மருத்துவமனைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

வெளியே பெரியவர் பஞ்சை அழுத்தியபடி காத்திருக்கிறார். கெட்ட கொழுப்பான எல்.டி.எல்., இவரைப் போன்றவர்களுக்கு 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இலக்கு. “அம்பத்தைஞ்சுக்குக் கீழ வந்தா முதல்ல மகளுக்குத்தான் ஃபோன்!” சந்தில் கடலைமாவுப் பனெல்லே எண்ணெயில் பொரிகிறது. நர்ஸ் விரலை ஆட்டி எச்சரிக்கிறார். பெரியவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து அவித்த கடலை டப்பாவை எடுத்து நீட்ட, முதல் பிடி நர்ஸுக்கே போகிறது.