நீரின் அழுத்தமும் ஒரு ரப்பர் வளையமும்

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில், கடலூர் மணற்கல் எனப்படும் பாறை அடுக்குகளுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும் நிலத்தடி நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான விசையுடன் மேல்நோக்கித் தள்ளும் இயல்புடையது. அதாவது, ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது 60 முதல் 80 டன். மேலே கனத்துக் கிடக்கும் மண்ணை வெட்டி அகற்றினால் இந்த விசை படுகையைப் பிளந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும் என்பதால், 1957இல் தொடங்கிய சுரங்கப் பணியில் மண்ணை அகற்றும் இயந்திரங்களுக்கு இணையான இடம் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் பம்புகளுக்கும் கிடைத்தது. இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டேதான் அங்கே நிலக்கரி வெட்டப்படுகிறது.

இதே அளவு அழுத்தத்தைக் கடலில் சந்திக்க வேண்டுமானால் 60 முதல் 80 மீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். ஏனெனில், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் நீரின் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்கள் 40 மீட்டருக்குக் கீழே செல்வதில்லை என்றாலும், அந்த ஆழத்தில்கூட, அவர்கள் கொண்டுசெல்லும் நீர்புகாக் கேமரா உறையின், 15 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் அகலமும் உடைய பின்கதவை ஏறத்தாழ 720 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. சுரங்கத்தில் செய்வதுபோல் இறைத்துத் தணிக்க வழியில்லாத இந்த விசையிடமிருந்து கேமராவைக் காப்பது, கதவின் விளிம்பில் வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் படுத்திருக்கும், சேமியா இழையைவிடச் சற்றே தடித்த ஒரு ரப்பர் வளையம்.

குறுக்கே வெட்டினால் வட்டமாகத் தெரியும் இந்த ‘ஓ வளைய’த்துக்கு, டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல் விண்ணப்பித்து 1939இல் காப்புரிமை பெற்றார். உறையின் கொக்கிகளைப் பூட்டும்போது வளையம் சற்றே நசுங்கி, பள்ளத்தின் அடிப்பரப்பையும் கதவின் விளிம்பையும் ஒருசேரத் தொட்டு நிற்கிறது. நீர் உள்ளே நுழைய முயலும்போது வளையத்தைப் பள்ளத்தின் உட்சுவரை நோக்கித் தள்ளுகிறது. தள்ளத் தள்ள வளையம் மேலும் இறுகி இடைவெளியை அடைக்கிறது. மூடி உட்புறமாகப் போய்ப் பொருந்தும் குக்கரில், நீராவி பெருகப் பெருக மூடி இன்னும் இறுகுவதைக் கவனித்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. நெய்வேலிச் சுரங்கத்தில் பகையாக நிற்கும் அழுத்தம் இங்கே காவலுக்கு நிற்கிறது எனலாம்.

இதிலிருந்து, முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும் ஒரு விளைவு பிறக்கிறது. சரியாக அமராத வளையத்தை இறுக்கிவிட மேல்மட்டத்து நீருக்குப் போதிய வலு இல்லாததால், உறைகளில் கசிவு பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, முதல் சில மீட்டர்களிலேயே தொடங்கிவிடுகிறது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றி, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் முக்குளித்து ஆய்வு செய்துவரும் பவளத்திட்டுகள் பெரும்பாலும் ஆழம் குறைந்த நீரிலேயே இருக்கின்றன. அத்தகைய இடங்களில் 40 மீட்டருக்குச் சான்றளிக்கப்பட்ட உறைதானே என்ற அலட்சியத்துக்கு இடமில்லை.

வளையத்தின் குறுக்கே ஒரு தலைமுடியோ, ஒரு மணல் துகளோ, துடைத்த துணியின் நூலிழையோ கிடந்தால் போதும், நீருக்கு அதுவே வாய்க்கால் ஆகிவிடும். ஆகவே வளையத்தைக் கூர்மையான கருவி எதுவும் படாமல் விரலாலோ மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டாலோ நெம்பி எடுத்து, பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு முறை சுற்றிப் பார்த்தபின் கிரீஸ் தடவ வேண்டும். நீரைத் தடுப்பது கிரீஸ்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; அது தவறு. வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி அமர்வதற்கே கிரீஸ் தேவைப்படுகிறது என்பதால், வளையம் பளபளக்கும் அளவுக்குப் பூசினால் போதும். அப்பிவைத்தால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிலக்கரித் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் காற்றில் கலந்துவரும் நெய்வேலி போன்ற ஊரில் உறையைத் திறந்த முற்றத்தில் வைத்து மூடாமல், அறைக்குள் மூடுவது நல்லது. எந்த கிரீஸ் என்பதும் முக்கியம்: சிலிக்கோன் கிரீஸ் சிலிக்கோன் வளையத்தையே ஊதச் செய்துவிடும், கைக்குக் கிடைத்த வாசலினோ தேங்காயெண்ணெயோ உதவாது. உறை தயாரிப்பாளர் குறிப்பிடும் வகையையே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது சோதனை. கேமராவை வைக்காமல், உறைக்குள் ஒரு காகிதத் துண்டைப் போட்டுப் பூட்டி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி, பொத்தான்களை அழுத்திப் பார்த்து, குமிழிகள் வருகின்றனவா, காகிதம் நனைந்திருக்கிறதா என்று கவனிப்பது பழைய முறை. உள்ளிருக்கும் காற்றில் ஒரு பகுதியைக் கைப்பம்பால் உறிஞ்சியெடுத்து, அழுத்தமானி அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது புதிய முறை. வளையத்தைக் கரையிலேயே இறுக்கி அமர்த்திவிடுவதால், மேல்மட்ட நீரின் அபாயத்தையும் இது குறைக்கிறது.

நீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. கடலோரப் புழுக்கத்தில் மூடப்பட்ட உறைக்குள் சிக்கிய ஈரக் காற்று, குளிர்ந்த நீரில் இறங்கியதும் கண்ணாடிச் சாளரத்தின் உட்புறம் பனிபோல் படிந்து படத்தை மங்கச் செய்யும். உலர்ந்த காற்றுள்ள குளிர்சாதன அறையில் உறையை மூடுவதும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வளையத்தில் படாதவாறு உள்ளே வைப்பதும் இதற்குப் போதுமானவை.

கடலிலிருந்து ஏறியவுடன், உப்பு காய்ந்து படிகமாவதற்கு முன்பே, மூடிய உறையை நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அழுத்திவிட வேண்டும். பொத்தான் தண்டுகளைச் சுற்றியும் சிறிய வளையங்கள் உண்டு, உப்புப் படிகங்கள் அவற்றை அரம்போல் அராவிவிடும். பிளாஸ்டிக் உறையாக இருந்தால், டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசுவிரட்டிக் களிம்பு பூசிய கையால் தொடுவதையும் தவிர்க்க வேண்டும். நெய்வேலியின் கோடையில் கொக்கிகளைப் பூட்டியபடியே மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் உறையில், வளையம் நசுங்கிய வடிவத்திலேயே நிலைத்துவிடும். ஆகவே கொக்கிகளைத் தளர்த்தி, வளையத்தைக் கழற்றித் தனிப் பையில் போட்டுவைப்பது வழக்கம். மறுமுறை எடுக்கும்போது விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, ஒரு பக்கம் தட்டையாகத் தட்டுப்பட்டால் அதை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டியதுதான்.