வீட்டுப் பிரிண்டரும் மைச் செலவும்

நம் மாணவர் பலர் இந்நாளில் கட்டுரைகளையும் ஆய்வறிக்கைகளையும் அச்சிட்டே ஆசிரியரிடம் ஒப்புவிக்கின்றனர். தம்பி தங்கையர் பள்ளியிற் பயிலும் இல்லங்களிலோ வாரந்தோறும் ஏதேனும் ஒரு தாள் அச்சிட வேண்டியிருக்கின்றது. ஆதலின், கடைக்குச் சென்று பக்கத்திற்கு இவ்வளவென்று கொடுப்பதினும், வீட்டிலேயே ஒரு பிரிண்டர் வாங்கி வைத்துக்கொள்ளுதல் நலமென்று பெற்றோர் எண்ணுகின்றனர். எண்ணம் நன்றே. ஆயினும், ஓராண்டு கழியுமுன் அப்பொறி துணி போர்த்தப்பெற்று அலமாரியின்மேல் ஏறிவிடுதலை நாம் பல இல்லங்களிற் காண்கின்றோம். பொறி பழுதுற்றதன்று; அதற்கு மை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்பதே காரணம். சிறு வருவாயில் வாழும் குடும்பத்திற்குச் சில ஆயிரம் ரூபாய் இவ்வாறு முடங்குதல் அற்ப நட்டமன்று. ஆகவே இவ்விஷயத்தைச் சிறிது விரித்துக் கூறப் புகுகின்றோம்.

பொறியின் விலையினும் அதற்கு இடும் பொருளின் விலையே பெரிதாதல் அச்சுத்தொழிலிற் புதிய செய்தியன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் நடத்திய அச்சுக்கூடத்திற்கு வேண்டிய பொறி, இலண்டனிலிருந்த கிறிஸ்தவ ஞான விருத்திச் சங்கத்தார் கொடையாக அனுப்பியது. ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வார்க்கப்பெற்று வந்த தமிழெழுத்துக்களோ உருவிற் பெரியன; அவற்றால் காகிதம் மிகுதியாய்ச் செலவாயிற்று. எனவே இந்நாட்டிலேயே சிற்றெழுத்துக்களை வார்த்துக்கொண்டு, புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதியை 1715இல் அச்சிட்டு முடித்தனர். அன்று காகிதம் இழைத்த இடரை இன்று மை இழைக்கின்றது.

கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது கார்ட்ரிட்ஜ் பூட்டும் இங்க்ஜெட் பொறி. இதனை விற்போர் பொறியை ஏறக்குறைய அடக்க விலைக்கே, சிலகால் அதனினும் தாழ்த்தி, விற்றுவிட்டுப் பின்னர் மையில் ஊதியம் காண்கின்றனர். புதுப்பொறியுடன் வரும் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் முழு அளவு மை இராது. மூவண்ணமும் ஒரே கூட்டில் அடங்கியதாயின், மஞ்சள் ஒன்று தீர்ந்தாலும் நீலமும் சிவப்பும் மீதியிருக்கவே கூட்டை எறிய நேரும். வண்ண மை தீர்ந்தவிடத்துக் கறுப்பெழுத்தையும் அச்சிட மறுக்கும் பொறிகளும் உள. மறுநாட் காலை அறிக்கை ஒப்புவிக்க வேண்டிய மாணவன் நள்ளிரவில் இதனை அறிதல் எத்துணைத் துன்பமென்று சொல்லவும் வேண்டுமோ!

இங்க்ஜெட் இயங்கும் முறையை அறிந்தால் மற்றவை எளிதின் விளங்கும். அச்சுமுனையில் மயிரிழையினும் நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒருவகைப் பொறியில், ஒவ்வொரு துளையின் உள்ளும் ஒரு சிறு மின்தடை கண்ணிமைக்கும் நேரத்தினும் விரைவாய்ச் சூடேறி, மையிற் குமிழியை எழுப்ப, அக்குமிழி ஒரு துளியைத் தாளின்மேல் தள்ளும். கேனன், ஹெச்.பி. ஆகிய நிறுவனங்கள் 1970களின் இறுதியில் கண்ட முறை இது. எப்ஸன் நிறுவனத்தாரின் பொறிகளிலோ சூடு இல்லை. மின்னழுத்தத்தால் வளையும் படிகம் ஒன்று மையைப் பிதுக்குகின்றது. எம்முறையாயினும் மை நீர் கலந்ததே. பொறி பல நாள் வாளாவிருந்தால் துளையின் வாயில் நீர் ஆவியாகி, சாயம் இறுகி அடைத்துக்கொள்ளும். நம் நாட்டுக் கோடையில் இது விரைந்து நிகழும். அடைப்பை நீக்கப் பொறி தானே மையை உறிஞ்சித் துளைகளைக் கழுவுகின்றது. அவ்வாறு கழுவிய மை தாளிற் படாது வீணாகின்றது. சிறிதே அச்சிடுவோர், தம் மையில் பெரும்பங்கு எங்கே போயிற்றென்று அறியாது திகைத்தற்கு இதுவே காரணம்.

இனி விலையைக் கணக்கிடுவோம். கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலை 900 ரூபாய், அது தரும் பக்கம் 120 என்று கொள்க. பக்கமொன்றுக்கு மை மட்டும் 7 ரூபாய் 50 காசு ஆகின்றது. மைத்தொட்டி அமைந்த பொறிக்குக் கறுப்பு மைப் புட்டி 400 ரூபாய், அது தருவது 4500 பக்கம் எனின், பக்கத்திற்கு 9 காசுதானும் ஆகாது. தொட்டிப் பொறியின் விலையோ மற்றதனினும் இருமடங்கு மும்மடங்கு இருக்கும். அவ்வேற்றுமை 7000 ரூபாய் என வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 950 பக்கம் அச்சிட்டவுடன் அது ஈடாகிவிடும். திங்களுக்கு 50 பக்கம் அச்சிடும் குடும்பத்திற்கு இது 19 திங்களில் நிகழும். திங்களுக்கு 10 பக்கமே அச்சிடுவார்க்கோ ஏறத்தாழ எட்டாண்டு செல்லும். அத்துணைக் காலம் பொறி உழைத்தல் அரிது. அவர்கள் எப்பொறியும் வாங்காது தெருமுனைக் கடைக்குச் செல்லுதலே தக்கதென்பது எம் துணிபு. பக்கத்திற்கு 5 ரூபாய் கொடுப்பினும் ஆண்டுக்கு 600 ரூபாய்தான் ஆகும். அடைப்பும் இல்லை, கவலையும் இல்லை.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பக்கத்தொகையையும் அப்படியே நம்பலாகாது. வண்ண இங்க்ஜெட் கார்ட்ரிட்ஜுக்கு ஐ.எஸ்.ஓ. 24711 என்னும் அளவுமுறை உண்டு. அதில் குறித்த சில மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அச்சிட்டு எண்ணுகின்றனர். வீட்டில் நாம் விட்டுவிட்டு அச்சிடுவதால் கழுவும் மை மிகும், தொகை குறையும்.

மைத்தொட்டிப் பொறியின் வரலாறும் சுவையுடையது. இந்தோனேசியாவில் மக்கள் கார்ட்ரிட்ஜ் விலையைத் தாங்கமாட்டாது, பொறியின் பக்கத்தில் புட்டிகளைக் கட்டிக் குழாய் வழியே மை செலுத்திவந்தனர். அதனைக் கண்ட எப்ஸன் நிறுவனத்தார், தாமே தொட்டியமைந்த பொறியை 2010இல் அந்நாட்டில் விற்கத் தொடங்கினர். பின்னர்க் கேனனும் ஹெச்.பி.யும் அவ்வழியே வந்தன. மக்கள் செய்த தந்திரமே வாணிகர்க்குச் சரக்காயிற்று.

லேசர் பொறியில் திரவ மை இல்லை. டோனர் என்னும் நுண்பொடியே உள்ளது. செஸ்டர் கார்ல்சன் 1938இல் கண்ட மின்னச்சு முறையை அடியாகக் கொண்டது இது. ஒளி பட்ட உருளையில் பொடி ஒட்டித் தாளுக்கு மாறி, வெப்பத்தால் உருகிப் பதிகின்றது. பொடி உலர்வதற்கு யாதும் இன்மையால், ஆறு திங்கள் மூடிவைத்துத் திறந்தாலும் முதற்பக்கம் தெளிவாய் வரும். எழுத்தும் நீர் பட்டால் கரையாது. ஆகவே படமும் வண்ணமும் வேண்டாது, பாடக்குறிப்பும் விண்ணப்பமும் மட்டுமே, அதுவும் இடையிட்டு, அச்சிடுவார்க்குக் கறுப்பு மட்டும் அச்சிடும் லேசரே சிறந்தது. ஒன்று கருதத்தக்கது: சூடேறும்போது அது பல நூறு வாட் மின்சாரம் இழுப்பதால், கணினிக்கு வைத்திருக்கும் சிறு யு.பி.எஸ்.ஸில் அதனை இணைத்தல் தகாது. சில வகைகளில் டோனரோடு டிரம் என்னும் உருளையையும் தனியே வாங்க வேண்டிவரும். அதன் விலையையும் முன்னரே கேட்டறிக.

வேற்றார் விற்கும் மலிவு மையை இடலாமோ எனின், அதற்கும் தடை உண்டு. கார்ட்ரிட்ஜில் ஒரு சிறு சிப் பதித்து, அந்நியக் கூட்டைப் பொறி ஏற்காதபடி செய்துள்ளனர். 2016 செப்டம்பரில் ஹெச்.பி. பொறிகள் பல, நேற்றுவரை ஏற்ற கூட்டுகளைத் திடீரென ஏற்க மறுத்தன. பலர் முறையிடவே, அந்நிறுவனத்தார் அத்தடையின்றி இயங்கும் மென்பொருளைத் தனியே வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லெக்ஸ்மார்க் நிறுவனத்தார் தொடர்ந்த வழக்கில், விற்ற கார்ட்ரிட்ஜின்மேல் விற்றவர்க்குக் காப்புரிமை எஞ்சாது என்று தீர்த்தது. எனினும் சிப் ஒழிந்தபாடில்லை. பெட்டியில் இத்தகைய நிபந்தனை அச்சிட்டிருப்பின் படித்தறிந்தே வாங்குக.

வாங்கிய பின் போற்றும் வழி சிலவே. இங்க்ஜெட்டில் வாரம் ஒருமுறையேனும் எல்லா வண்ணமும் கலந்த ஒரு பக்கம் அச்சிடுக. பொறியிலுள்ள பொத்தானாலேயே அணைக்க வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை அமுக்கினால் அச்சுமுனை தன் மூடியின்கீழ்ச் சென்று ஒடுங்காது, திறந்தபடி உலர்ந்துபோம். அடைப்பு நேரின் கழுவும் கட்டளையை இரண்டொரு முறை கொடுத்து, தீராவிடின் சில மணி நேரம் விட்டு மீளவும் முயல்க. மேன்மேலும் கொடுத்தல் மையைக் கொட்டுதலேயாம். தொட்டியில் மை கீழ்க்கோட்டிற்குத் தாழாதபடி பார்த்துக்கொள்க; தாழ்ந்தால் குழாயிற் காற்றுப் புகும். வரைவுகளைக் கறுப்பில் மட்டும், குறைந்த மையில், அச்சிடுமாறு கணினியிலேயே அமைத்து வைக்கலாம்.

பலர் அறியாத ஒன்று எஞ்சியுள்ளது. கழுவிய மை பொறியின் அடியிலுள்ள பஞ்சு அட்டையிற் சென்று ஊறுகின்றது. அவ்வட்டை நிறைந்ததாகப் பொறி கணக்கிட்டவுடன், மற்றெல்லா உறுப்பும் நன்றாயிருப்பினும், அச்சிடாது நின்றுவிடும். பழைய வகைகளில் அதனைப் பணிமனைக்கு எடுத்துச் சென்றே மாற்ற வேண்டும். புதிய வகைகள் சிலவற்றில் அது வீட்டிலேயே கழற்றி மாட்டத்தக்க சிறு பெட்டியாய் அமைந்துள்ளது. மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று அதனை வழங்குவர். விலை பேசுமுன் அப்பெட்டி உண்டா என்பதையும், தனியே அதன் விலை என்ன என்பதையும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்க.