கட்டடங்கள் காலந்தாழ்வது ஏன்?

'வீட்டைக் கட்டிப் பார். கலியாணத்தைச் செய்து பார்' என்பது பழமொழி. குறித்த பொருளுக்குள், குறித்த காலத்தில் ஒரு சிறு வீட்டைக் கட்டி முடிப்பதே அரிது. அங்ஙனமாயின், பல்லாயிரவர் கூடி எழுப்பும் பெருங்கட்டடங்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

கட்டடப் பணி ஒரு சங்கிலியைப் போன்றது. கடைக்கால் அமைந்த பின்னரே தூண் எழும். தூண் எழுந்த பின்னரே கூரை அமையும். ஒரு பணி தாழ்ந்தால், அதனை அடுத்துள்ள பணிகள் யாவும் காத்துக் கிடக்க நேரும். அப்பணி தாழ்வதற்கு மழையும் ஆட்குறையும் மட்டுந்தாம் காரணமா? இவ்வினாவிற்கு, ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரின் இசைநாடக அரங்கு தக்க விடை தரும்.

சிட்னித் துறைமுகத்தின் நீரருகே, காற்றில் விரிந்த வெண்பாய்களைப் போன்ற கூரைகளுடன் அவ்வரங்கு விளங்குகின்றது. அதன் அமைப்பைத் தெரிந்தெடுக்க நடந்த போட்டிக்கு 233 வரைபடங்கள் வந்தன. 1957ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் என்பார் பரிசு பெற்றார். 1963ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பணி முடியும் என்றும், டாலர்க் கணக்கில் ஏறத்தாழ 70 இலட்சம் செலவாகும் என்றும் மதிப்பிட்டனர்.

காலம் தாழ்த்தினால் மக்களின் கருத்து மாறிவிடும். பொருளுதவியும் நின்றுவிடும் என மாநில அரசினர் அஞ்சினர். ஆகவே, 1959ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலேயே பணியைத் தொடங்கச் செய்தனர். உட்சனோ வரைபடங்களை இன்னும் முடித்திருக்கவில்லை. கூரையை எவ்வாறு கட்டுவது என்பதும் அப்போது முடிவாகவில்லை.

விளைவு யாது? 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணி 47 வாரங்கள் பின்தங்கியிருந்தது. மழையும் அதற்கு ஒரு காரணமே. எனினும், முறையான வரைபடங்கள் இன்றித் தொடங்கியதும், ஒப்பந்தங்களை இடையிடையே மாற்றியதும் பெருங்காரணங்களாயின. பின்னர், கூரையின் பாரத்தை முன்னரே எழுப்பிய தூண்கள் தாங்கமாட்டா என்பது புலனாயிற்று. அவற்றை மீண்டும் கட்ட நேர்ந்தது.

கூரையின் வடிவமும் எளிதில் கைகூடவில்லை. பொறியியலார் பல முறைகளை ஆராய்ந்து பார்த்தனர். 1961ஆம் ஆண்டில் நல்வழி ஒன்று பிறந்தது. கூரைகள் யாவற்றையும் ஒரே உருண்டையின் மேற்பரப்பிலிருந்து எடுத்த துண்டுகளாக அமைப்பது என முடிவு செய்தனர். அதனால், ஒரேவகை அச்சுகளைக் கொண்டு கான்கிரீட் உறுப்புகளைத் திரும்பத் திரும்ப வார்க்க இயன்றது.

தடைகள் அத்துடன் ஒழிந்தில. 1965ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது. செலவைக் குறித்தும் அமைப்பைக் குறித்தும் எழுந்த பூசலால், 1966ஆம் ஆண்டில் உட்சன் விலகினார். புதிய கலைஞர்கள் உட்புற அமைப்பைப் புதிதாக வகுத்தனர். இசைக்கும் நாடகத்துக்கும் பொதுவாக இருந்த பெருமண்டபத்தை, இசைக்கே உரியதாக்கினர். அதனால், அங்கே முன்னர்ப் பொருத்திய மேடைப் பொறிகளைக் கழற்ற வேண்டியதாயிற்று.

முடிவில், 1973ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அரங்கு திறக்கப்பெற்றது. குறித்த காலத்துக்குமேல் பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன. செலவு 10 கோடியே 20 இலட்சம் டாலராகப் பெருகியிருந்தது. 2007ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆயினும், அதனைக் கற்பனை செய்த உட்சன், நிறைவுற்ற அரங்கை நேரில் காணாமலே 2008ஆம் ஆண்டில் மறைந்தார்.

தாளில் வரைந்த தூணைத் திருத்த ஒரு நாள் போதும். நிலத்தில் எழுப்பிய தூணைத் திருத்தப் பல திங்கள் வேண்டும். ஆதலின், எண்ணிப் பார்ப்பதற்குச் செலவாகும் காலத்தை வீண்காலம் எனக் கருதலாகாது. செய்யவேண்டுவதைத் தெளிவாக வரையறுத்து, அதன்பின் பணியைத் தொடங்குவோரே அதனைக் காலத்தில் முடிப்பர்.