சீட்டில் ஒரு கையெழுத்து: கொடைக்கானல் கிளப்பில் நாம் கற்ற பாடம்



கோடை பிறந்தால் நம்மில் பலர் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். ஏரியைச் சுற்றி வருகிறோம். கோக்கர்ஸ் வாக்கில் நடக்கிறோம். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு இறங்கி விடுகிறோம். வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் ஒன்று அந்த ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. அதுதான் 1887ல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கிளப். "துரைமார் குடித்த இடத்தில் கடைக்காரனுக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நமக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. நாம் அங்கே பார்த்தது கணக்கு எழுதும் முறையை.

முதலில் ஒரு விளக்கம். விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலத்தில் இங்கிலாந்தின் நகரங்களில் தெருவுக்குத் தெரு 'பப்' என்னும் மதுக்கடை இருந்தது. யாரும் நுழையலாம், காசை வைத்துவிட்டுக் குடிக்கலாம். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் கிளப்புகளை அமைத்துக்கொண்டார்கள். சென்னையில் மெட்ராஸ் கிளப் 1832லும், உதகையில் ஊட்டி கிளப் 1841லும் ஏற்பட்டன. உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும் மட்டுமே இடம். அக்காலத்துக் கிளப்புகள் பலவற்றில் நம்மவர்களைச் சேர்ப்பதில்லை. இரு தரப்பாரும் சேர்ந்து பழகுவதற்கென்றே சென்னையில் காஸ்மாபாலிட்டன் கிளப் 1873ல் தோன்றியது.

கொடைக்கானலில் 1845ல் அமெரிக்கப் பாதிரிமார் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கினார். அப்போது மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி; அதற்குமேல் ஏழாயிரம் அடி உயரத்துக்குக் கூலியாட்களின் தலைச்சுமையும் குதிரையும்தான். லா துரை பெயர் கொண்ட மலைச்சாலை வாகனங்களுக்குத் திறந்தது 1910களின் நடுவில். அதுவரை அரிசி மூட்டையும் கண்ணாடிப் புட்டியும் ஒற்றையடிப் பாதையில்தான் ஏறின. அப்படி ஏறிய சரக்கைக் கடனுக்குக் கொடுப்பவன் கணக்கில் தவறினால் என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் கிளப்புகளில் கடன்தான் நடந்தது. அக்காலத்து வெள்ளி ரூபாய்களைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டு யாரும் கிளப்புக்கு வருவதில்லை. வாங்கியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். அதற்குச் 'சிட்' என்று பெயர். கடிதத்தைக் குறிக்கும் 'சிட்டி' என்ற நம் நாட்டுச் சொல்லே ஆங்கிலத்தில் அப்படி ஆயிற்று. மாத முடிவில் சீட்டுகளைக் கூட்டிப் பில் போகும். தவணைக்குள் கட்டாதவர் பெயரை அறிவிப்புப் பலகையில் போடுவது கிளப்புகளின் வழக்கம். கவர்னருக்கு வேண்டியவர் என்றாலும் கையெழுத்து உண்டு.

1990களில் ஓர் உறுப்பினரின் விருந்தினராக நாம் கொடைக்கானல் கிளப்புக்குப் போயிருந்தோம். நம்மை அழைத்துப் போன பெரியவர் இரண்டு தேநீருக்குக்கூடச் சீட்டைப் படித்துப் பார்த்துத் தேதியைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். "தெரிந்த இடத்தில் இது எதற்கு ஐயா?" என்று கேட்டோம். "தெரிந்த இடமாகவே இருக்கட்டும் என்பதற்குத்தான்" என்றார்.

அந்தச் சொல் நமக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம் இதுதான். மலையில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குப் பதினைந்து ஆண்டுகளாகப் பருப்பும் எண்ணெயும் போட்டு வந்தோம். சீசனில் விற்றுப் பணம் தருவார். இருவருக்கும் இடையே எல்லாம் வாய்க்கணக்குதான். ஒரு மழைக்காலத்தில் அவர் திடீரென்று காலமாகி விட்டார். நம் பேரேட்டில் பதினெட்டாயிரம் ரூபாய் பற்று நின்றது. துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மகன், "மாமா, அப்பா குறிப்பில் எட்டாயிரம்தானே இருக்கிறது" என்றான். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை; நாமும் பொய் சொல்லவில்லை. காட்டுவதற்கு ஒரு கையெழுத்து இல்லை. எட்டாயிரம் வந்தது. பத்தாயிரம் போனதைவிட, அந்த வீட்டோடு இருந்த உறவு போனதே நமக்குப் பெரிய நட்டம்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அந்தக் காலத்துக்குள் வாங்கியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு பிறக்கும். வாய்ச்சொல்லுக்கு அந்த வலு இல்லை. ஜி.எஸ்.டி. வந்தபின் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பணம் வராவிட்டாலும் விற்றவர் வரியைக் கட்டியாக வேண்டும். வாங்கியவர் 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும்.

மலைக் கடைக்காரர்களின் நிலையும் நமக்குத் தெரியும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. சீசன் எப்படி இருக்குமோ என்ற கவலை அவர்களுக்கு. ஆகவே கடனே கொடுக்காதீர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். கடன் இல்லாமல் மளிகை வியாபாரம் இல்லை. ஒவ்வொரு பில்லிலும் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை பாக்கி விவரம் அனுப்பி, "சரி" என்று எழுதி வாங்குங்கள். பங்குனி முடிந்து புதுக் கணக்குப் போடுமுன் இரு தரப்பும் உட்கார்ந்து பேரேட்டை ஒத்துப் பாருங்கள்.

கையெழுத்துக் கேட்டால் வாடிக்கையாளர் மனம் நோகுமே என்ற தயக்கம் நமக்கும் இருந்தது. நமக்குப் பின் நம் பிள்ளையும் அவருக்குப் பின் அவர் பிள்ளையும் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று எண்ணிக் கேளுங்கள். இப்போது நாம் அப்படித்தான் கேட்கிறோம். இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.