பரணில் தூங்கும் இலவச கலர் டிவியில் ‘கான்ட்ரா’ ஆடலாமா? அடாப்டர் வாங்கும் முன் இதைப் படிங்க!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பழைய வீடுகளில் பரணைச் சுத்தம் செய்தால் இரண்டு வகைப் பெட்டிகள் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. ஒன்று, ரேஷன் கார்டுக்குக் கிடைத்த 14 இன்ச் கலர் டிவி. இன்னொன்று, அச்சகத்திலோ டிடிபி சென்டரிலோ காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் டிசைன் செய்யப் பயன்பட்ட பெரிய வயிறு கொண்ட கம்ப்யூட்டர் மானிட்டர். இரண்டுமே சிஆர்டி, அதாவது பிக்சர் ட்யூப் வைத்தவை. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குப் போடச் சொல்லும் பெட்டிகள்.

இப்போது இதே பெட்டிகளைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது. மரியோ, கான்ட்ரா, சோனிக் ஆடி வளர்ந்தவர்களும், அவற்றை யூடியூபில் பார்த்து ஆசைப்பட்ட அடுத்த செட்டும்தான் அது. ‘எல்இடி டிவியில அந்த ஃபீல் வரல’ என்பது இவர்களின் பொதுப் புகார். டிவி கிடைத்துவிடும். லேப்டாப்பிலும் ராஸ்பெரி பையிலும் இருப்பதோ எச்டிஎம்ஐ. டிவியின் பின்னால் இருப்பதோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள். நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். சில நூறு ரூபாய்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடுகிறார்கள். படம் வராது, வந்தால் நடுங்கும், நடுங்காவிட்டால் பட்டன் அழுத்தியபின் ஹீரோ யோசித்துத் தாவுவார். கடைசியில் பழி டிவி மேல் விழுந்து அது இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.

கோளாறு பெரும்பாலும் டிவியில் இல்லை.

அந்த டிவி வந்த கதை

2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி அது. அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு டிவிகளை வாங்கியது. 2011-ல் ஆட்சி மாறி திட்டம் நிற்பதற்குள் சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு டிவி போய்ச் சேர்ந்திருந்தது. தேர்தல் வாக்குறுதியாக இலவசம் தருவது லஞ்சமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலையில் ‘அது தேர்தல் முறைகேடு ஆகாது’ என்று தீர்ப்பு வந்தது. இன்று இலவசங்கள் பற்றி நடக்கும் ஒவ்வொரு விவாதத்திலும் இந்த டிவியின் பெயர் அடிபடுகிறது. அதில் கான்ட்ரா ஆடலாமா என்பது மட்டும் நீதிமன்றம் போகாத கேள்வி.

சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்பார்கள். ஒரிஜினல் ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் கன்சோலின் நகல்கள்தான் 90-களில் நம்மூருக்கு ‘டிவி கேம்’ என்ற பெயரில் வந்தன. கேம்களை உருவாக்கியவர்கள் வரைந்து பார்த்ததே சிஆர்டி திரைக்காகத்தான். சேகாவின் சோனிக் கேமில் வரும் அருவி ஒரு நல்ல உதாரணம். எல்இடியில் பார்த்தால் அது வெறும் செங்குத்துக் கோடுகள். பழைய டிவியில் மஞ்சள் வயர் வழியாகப் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீர் ஆகிவிடும். வயரின் தரக்குறைவையே தூரிகையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

டிவியும் மானிட்டரும் ஒன்றல்ல

அடாப்டர் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஓடும் வேகம் வேறு.

சிஆர்டியில் எலக்ட்ரான் கற்றை திரையில் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக வரைந்துகொண்டே போகும். இந்தியா பின்பற்றும் பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் நொடிக்கு 15,625 கோடுகள். இதைத்தான் ‘15 கிலோஹெர்ட்ஸ்’ என்கிறார்கள். கம்ப்யூட்டர் மானிட்டரோ ஆரம்பமே நொடிக்கு சுமார் 31,500 கோடுகளில்தான். அதாவது இரண்டு மடங்கு.

டிவிக்கான சிக்னலை மானிட்டருக்கோ, மானிட்டருக்கானதை டிவிக்கோ கொடுத்தால் படம் நிற்காது. பிற்கால மானிட்டர்கள் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று காட்டி ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு இல்லாத மிகப் பழைய மானிட்டர் என்றால் உள்ளே பாகங்கள் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அதனால் ‘எது நல்ல அடாப்டர்?’ என்று கேட்கும் முன், வீட்டில் இருப்பது டிவியா மானிட்டரா என்று பாருங்க.

மானிட்டர்காரர்களுக்கு வேலை சுலபம்

பழைய லேப்டாப்பில் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் அடாப்டரே வேண்டாம், நேராக மாட்டலாம். டெஸ்க்டாப்பில் பழைய கிராபிக்ஸ் கார்டு இருந்தாலும் அப்படித்தான். என்விடியா 2016-ல் கொண்டுவந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் அனலாக் வெளியீட்டை நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய 900 வரிசை வரை டிவிஐ-ஐ போர்ட் வழியாக அனலாக் கிடைக்கும்.

எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது என்றால் எச்டிஎம்ஐ-டு-விஜிஏ அடாப்டர். கைக்குள் அடங்கும் இந்தச் சின்னப் பொருளை மட்டமாக நினைக்க வேண்டாம். இது படத்தைச் சேமித்து வைத்து அளவு மாற்றுவதில்லை. வரும் டிஜிட்டல் எண்களை அப்படியே மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகிறது. அதனால் தாமதம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

சிக்கல் வந்தால் அது பெரும்பாலும் கரன்ட் பிரச்சினை. எச்டிஎம்ஐ விதிப்படி ஒரு சாதனம் தன் போர்ட் வழியாக 5 வோல்ட்டில் குறைந்தது 55 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும். அதைவிட அதிகம் கேட்கும் அடாப்டரை மாட்டினால் படம் விட்டு விட்டு வரும், இல்லன்னா வரவே வராது. பக்கவாட்டில் யுஎஸ்பி பவர் சாக்கெட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. விஜிஏவில் சத்தம் போகாது என்பதால் 3.5 எம்எம் ஆடியோ ஓட்டையும் இருக்கட்டும்.

ஒரு குறை உண்டு. பழைய கேம்களின் படம் 240 கோடுதான். 31 கிலோஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை வரைந்து 480 ஆக்கித்தான் காட்ட வேண்டும். கோடுகளுக்கு நடுவே தெரியும் கருப்பு இடைவெளி போய், படம் கொஞ்சம் ‘டிஜிட்டலாக’ தெரியும். இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 240 கோட்டையே நொடிக்கு 120 முறை அனுப்பினால் அதே 31 கிலோஹெர்ட்ஸ் கணக்கு வந்துவிடும். ரெட்ரோஆர்ச் செயலியில் ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேமைக் கருப்பாக்கும் வசதியை ஆன் செய்தால் படம் இரட்டையாகத் தெரிவதும் நிற்கும். செட்டிங்ஸில் ஒரு சாயங்காலம் போகும். ஆனால் வந்துவிட்டால், அந்த டிடிபி மானிட்டரில் தெரியும் கலர் டிவியில் கிடைக்காத கலர்.

டிவிக்கு வாங்கும்போதுதான் ஏமாறுவது

முதல் பொறி, வெறும் வயர். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின். விலை மிகக் குறைவு. உள்ளே சிப் எதுவும் இல்லாததால் டிஜிட்டலை அனலாக்காக மாற்ற அதில் ஆளே இல்லை. இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்தது, ‘எச்டிஎம்ஐ2ஏவி’, ‘ஏவி2எச்டிஎம்ஐ’ என்ற இரண்டு பெட்டிகள். ஒரே சைஸ், ஒரே நிறம், விலையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் இரண்டும் ஒருவழிப் பாதை. லேப்டாப்பிலிருந்து பழைய டிவிக்குப் போக வேண்டுமானால் ‘எச்டிஎம்ஐ2ஏவி’. மாற்றி வாங்கினால் எத்தனை முறை வயரைத் திருப்பி மாட்டினாலும் படம் வராது. ரிட்டர்ன்தான் வழி.

சரியான பெட்டியே வந்துவிட்டது, யுஎஸ்பி பவரும் கொடுத்தாச்சு. ஆனால் படம் கருப்பு வெள்ளையில் வருகிறதா? பெட்டியின் ஓரத்தில் ‘பால் / என்டிஎஸ்சி’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது என்டிஎஸ்சியில் நிற்கிறது, உங்கள் டிவிக்கு அந்த முறையில் கலர் எடுக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். பாலுக்குத் தள்ளுங்க.

இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். சினிமா பார்க்க இந்தப் பெட்டி போதும், கேமுக்குப் பாதிதான் போதும். உள்ளே ஒரு ஸ்கேலர் படத்தை வாங்கி, சுருக்கி, டிவி அளவுக்கு மாற்றி அனுப்புகிறது. அதில் சிறு தாமதம் சேரும். எவ்வளவு என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 17 மில்லி விநாடி. இரண்டு மூன்று சேர்ந்தால் கைக்குத் தெரியும். செஸ்ஸுக்குப் பரவாயில்லை, மரியோவில் பள்ளத்தில் விழுவீர்கள். மேலும் இது அனுப்புவது 240 கோட்டு முழுப்படம் அல்ல. ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாற்றி மாற்றி அனுப்பும் இன்டர்லேஸ் படம். ஓரங்கள் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். சிஆர்டி தேடி வந்தவர்களுக்கு இது பாதி ஏமாற்றம்.

அப்படியானால் டிவிக்கு எதுதான் சரி? அடாப்டரையே தவிர்ப்பது.

ராஸ்பெரி பை 3 போர்டில் ஹெட்ஃபோன் ஓட்டை மாதிரி இருக்கும் 3.5 எம்எம் ஜாக்கில் வீடியோவும் வருகிறது. நாலு வளையம் உள்ள ஏவி வயரை அதில் மாட்டி மறுமுனையை டிவியில் செருகினால் போதும். கான்ஃபிக் ஃபைலில் ‘எஸ்டிடிவி மோட்’ என்ற வரியில் 18 என்று போட்டால், இன்டர்லேஸ் இல்லாத பால் படம் வரும். 16 என்றால் இன்டர்லேஸ் இல்லாத என்டிஎஸ்சி. ஸ்கேலர் இல்லை, அதன் தாமதமும் இல்லை. ஒரே எச்சரிக்கை, வயர். செட்டாப் பாக்ஸோடு வந்த ஏவி வயரில் உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கலாம். பைக்கு நுனியிலிருந்து இடது ஆடியோ, வலது ஆடியோ, எர்த், வீடியோ என்ற வரிசை வேண்டும். இந்த வசதிக்காக புதிய பை 5 வாங்காதீங்க, அதில் இந்த ஜாக்கே இல்லை.

கன்சோல் என்றால் இன்னும் எளிது. ஊருக்கு ஊர் கேம் சென்டர்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடிய பிஎஸ்2-வுக்கு ஏவி வயர் சொந்தமாகவே உண்டு. அதை எச்டிஎம்ஐ ஆக்கி, மறுபடி ஏவி ஆக்கி யாரும் சிரமப்பட வேண்டாம்.

காசு செலவழிக்கத் தயார் என்பவர்களுக்கு மிஸ்டர் எஃப்பிஜிஏ. பழைய கன்சோல்களின் சர்க்யூட்டையே நகல் எடுக்கும் போர்டு இது. ‘டைரக்ட் வீடியோ’ என்ற முறையில், மேலே மானிட்டருக்குச் சொன்ன அதே மலிவான எச்டிஎம்ஐ-டு-விஜிஏ அடாப்டர் வழியாக 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலைக் கொடுக்கும். ஆனால் அதை வாங்கிக்கொள்ள ஆர்ஜிபி அல்லது காம்பொனென்ட் நுழைவு உள்ள டிவி வேண்டும். மஞ்சள் ஓட்டை மட்டும் உள்ள 14 இன்ச் டிவிக்கு அந்தச் செலவு வீண்.

போனில் எமுலேட்டர் வைத்திருப்பவர்கள், உங்கள் மாடலின் யுஎஸ்பி-சி போர்ட் வீடியோ வெளியே அனுப்புமா என்று முதலில் பாருங்க. விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. எந்த அடாப்டர் வாங்கினாலும் சார்ஜ்தான் ஏறும்.

ஆன் செய்வதற்கு முன்

பத்து வருஷம் பரணில் கிடந்த டிவியை இறக்கின கையோடு பிளக்கில் செருகக் கூடாது. உள்ளே தூசி, பல்லி, காய்ந்துபோன கெபாசிட்டர் எல்லாம் இருக்கும். பழைய டிவி மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்க. யூடியூப் பார்த்து நீங்களே பின்மூடியைக் கழற்ற வேண்டாம். பிக்சர் ட்யூபில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். ஆன் செய்ததும் திரை சடசடத்துக் கைமுடியை இழுக்கிறதே, அது நிலை மின்சாரம். அதை ஏன் வெடிமருந்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று பட்டாசுத் தொழிலாளர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தீபாவளிக்கு வாங்கிய பெட்டிகளை டிவி மேசைக்கு அடியில் அடுக்காமல் இருந்தால் சரி.

பட்டாசில் பச்சை வெளிச்சம் தரும் பேரியமும் சிவப்பு தரும் ஸ்ட்ரான்சியமும் இந்த டிவியின் முன் கண்ணாடியிலும் இருக்கின்றன, எக்ஸ்ரே வெளியே வராமல் தடுக்க. பின்பக்கக் கண்ணாடியில் ஈயம். உடைத்துச் செம்பு எடுக்கிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீங்க.

பழைய டிவி கேமோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறதா? வாத்து சுடும் கேமில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். அந்த வெளிச்சம் அந்தக் கணத்தில் துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து காலி. நேரம் கொஞ்சம் தள்ளினாலும் குறி தவறும். அதனால்தான் எல்இடி டிவியில் அது சுடுவதில்லை. 31 கிலோஹெர்ட்ஸ் மானிட்டரிலும் சுடாது; ஸ்கேலர் பெட்டி நடுவில் வந்தாலும் அதே கதிதான். அதற்குப் பழைய கன்சோல், மஞ்சள் வயர், ரேஷன் கார்டுக்குக் கிடைத்த அந்த டிவி, மூன்றும் நேருக்கு நேர் இருக்கணும்.